துணை வந்தவர் ஏன் விட்டுப் போகிறார்: மிகுபுனைவு விளையாட்டுகளில் அறச்சார்பு

வேலூர், காட்பாடிப் பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் ஆர்பிஜி எனப்படும், ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கதை விளையாட்டுகளை ஆடும் மாணவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: தொடக்கத்திலிருந்து கூடவே வந்த துணைப் பாத்திரம், நல்ல ஆயுதமும் கவசமும் கொடுத்து வளர்த்த பாத்திரம், கதையின் நடுவில் ஏன் திடீரென்று விலகிப் போகிறது, அல்லது எதிர்த்து வாளை உருவுகிறது? ஆடுபவருக்கு அது துரோகமாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த விலகலுக்குப் பின்னால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரலாறுள்ள ஒரு விதி இருக்கிறது. அலைன்மென்ட் என்று ஆடுபவர்கள் சொல்லும் அறச்சார்புதான் அது. துணைப் பாத்திரங்கள் எப்படிப் பேச வேண்டும், யாரோடு ஒத்துப்போக வேண்டும், எந்த எல்லை வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அந்த விதி எப்படித் தீர்மானித்தது என்பதையும், இன்று அது ஏன் பின்வாங்குகிறது என்பதையும் அறிந்துகொண்டால், இந்த விளையாட்டுகளை ஆடும் முறையே மாறிவிடும்.

1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டில் அறச்சார்பு மூன்றே மூன்றுதான்: ஒழுங்கு (லாஃபுல்), நடுநிலை (நியூட்ரல்), கட்டுக்கடங்காமை (கேயாட்டிக்). நல்லவர், கெட்டவர் என்ற பிரிவு அதில் தனியாக இல்லை. உலகத்தின் பெரும்போரில் ஒருவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை மட்டுமே அது குறித்தது. நன்மை, தீமை என்ற இரண்டாவது அளவுகோல் சில ஆண்டுகளுக்குள் சேர்ந்தது. 1978இல் வந்த விதிநூலில் இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக இணைந்து, இன்று எல்லோரும் அறிந்த ஒன்பது கட்டங்களாக நிலைபெற்றன. விதியையும் வாக்கையும் மதித்து நன்மை செய்பவர் லாஃபுல் குட். விதியைப் பொருட்படுத்தாமல் தம் மனசாட்சிப்படி நன்மை செய்பவர் கேயாட்டிக் குட். சட்டத்தையே கருவியாக்கி மற்றவரை நசுக்குபவர் லாஃபுல் ஈவில். ஆட்டத்தை நடத்துபவர் எதிரே அமர்ந்திருக்கும் மேசை விளையாட்டில் இந்தக் கட்டங்கள் வெறும் வழிகாட்டிகள்தாம். ஒரு பாத்திரம் இப்போது என்ன செய்யும் என்ற ஐயம் எழுந்தால், அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கணினியில் அப்படிப் பேசித் தீர்க்க ஆள் இல்லை. எனவே வழிகாட்டியாக இருந்தது அங்கே கட்டளையாக மாறியது.

முதலில் அது வாயிற்காவலாகத்தான் வந்தது. 1981இல் வெளிவந்த விசார்ட்ரியில் நல்லவர், நடுநிலையாளர், தீயவர் என மூன்று வகையினர். நல்லவரையும் தீயவரையும் ஒரே குழுவில் சேர்க்க ஊரில் இருக்கும் மதுக்கூடம் அனுமதிக்காது. அந்தத் துணைகளுக்குப் பேச்சும் இல்லை, மனமும் இல்லை. 1985இல் வந்த அல்டிமா 4 வேறு வழியில் போனது. அதில் நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என எட்டு நற்பண்புகள். ஒவ்வொரு பண்புக்கும் ஓர் ஊர், ஒரு தொழில், ஒரு துணைவர். துணைவர் அங்கே ஒரு பண்பின் உருவமாக நிற்கிறாரே தவிர, ஆடுபவர் இயக்கும் தலைவனின் செயலைக் கண்டு முகம் சுளிக்கும் தனி மனிதராக இல்லை.

அந்தத் தனி மனிதரைப் பெருவாரியான ஆட்டக்காரர்கள் சந்தித்தது 1998இல், பயோவேர் உருவாக்கிய பால்டர்ஸ் கேட்டில். அது இயங்கிய முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் கோப்புகளுக்குள் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. நெடுக்காக நன்மை, நடுநிலை, தீமை என்ற வரிசைகள். குறுக்காக 1 முதல் 20 வரை குழுவின் நற்பெயர் மதிப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அந்த எண்தான் அந்த வகைத் துணைவரின் அப்போதைய மனநிலை. அப்பாவி ஒருவரைக் கொன்றால் நற்பெயர் சரியும். கோயிலில் பொற்காசு காணிக்கை செலுத்தினால் ஏறும். நற்பெயர் சரியச் சரிய நல்ல துணைவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு எச்சரிப்பார்கள், கடைசியில் குழுவை விட்டுப் போய்விடுவார்கள். நற்பெயர் உச்சத்தை நெருங்கினால் தீய துணைவர்களும் அதையே செய்வார்கள். ஒரு பாத்திரத்தின் சினம், வெறுப்பு, பிரிவு எல்லாம் இந்த ஒரே அட்டவணையிலிருந்து பிறந்தன.

இதில் ஒரு பலமும் ஒரு பெருங்குறையும் உண்டு. பலம் என்னவென்றால், துணைவருக்குத் தலைவனிடமிருந்து விலகிப் போகும் உரிமை கிடைத்தது. அந்த உரிமை இல்லாதவரைத் துணைவர் என்று சொல்வதற்கில்லை, தூக்கிச் செல்லும் கருவி என்றுதான் சொல்ல வேண்டும். குறை என்னவென்றால், அந்த அட்டவணை செயலைப் பார்க்கவில்லை, ஊர்ப் பேச்சைப் பார்த்தது. யாரும் அறியாமல் செய்த கொடுமை எந்த நல்லவரையும் உறுத்தவில்லை. கண்ணெதிரே நிகழ்ந்த கொலைக்குப் பிறகும், கோயிலுக்குப் போய்ப் பணத்தைக் கொட்டினால் லாஃபுல் குட் வீரன் அமைதியாகிவிடுவான். தீய துணைவரைத் தக்கவைக்க விரும்பியவர்களோ, நற்பெயர் அளவுக்கு மீறி ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். உதவி கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புவதுகூட ஒரு கணக்காகிப் போனது. பரிகாரத்தால் பாவக்கணக்கு தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை எந்த அறநூலும் இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டதில்லை.

அதே விளையாட்டில் அறச்சார்பு துணைவர்களுக்கிடையிலும் வேலை செய்தது என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வழியில் எதிர்ப்படும் க்ஸார், மான்டரான் இருவரும் தீயவர்கள்; சற்றுத் தொலைவில் ஒரு விடுதியில் காத்திருக்கும் ஜஹீரா, காலித் தம்பதியர் எதிர்ப்பக்கத்தவர்கள். இரண்டு இணையும் நாஷ்கெல் என்ற ஒரே ஊருக்குத்தான் போக வேண்டும். நால்வரையும் சேர்த்துக்கொண்டால் பயணம் நெடுக வாய்ச்சண்டை. பொறுமை தீர்ந்ததும் கைகலப்பு. 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் பாலடின் எனப்படும் அறவீரரான முதியவர் கெல்டோர்னும் தீய துணையான விக்கோனியாவும் ஒரே குழுவில் இருந்தால், சண்டை ஒருவரின் உயிரில் போய் முடியக்கூடும். தலைவனாக ஆடுபவர் இருவரில் ஒருவரையும் புண்படுத்தியிருக்க மாட்டார்; ஆயினும் யார் வேண்டும் என்று தேர்ந்தாக வேண்டும். நட்புகள் ஒன்றோடொன்று மோதும் துன்பத்தை அந்த ஒன்பது கட்டங்கள் கொடுத்த அளவுக்குப் பின்னால் வந்த நுட்பமான முறைகள் பல கொடுக்கவில்லை.

விக்கோனியா ட்ரோ இனத்தவள். நிலத்தடியில் வாழும், விதிநூல்கள் இனமாகவே தீயதென்று முத்திரை குத்தியிருந்த கூட்டத்தில் பிறந்தவள். இரண்டாம் பாகத்தில் அவள் முதன்முதலாகக் கண்ணில் படுவது நகரச் சதுக்கத்தில் கம்பத்தில் கட்டப்பட்ட நிலையில். சுற்றி நிற்கும் வெறியர் கூட்டம் அவளை எரிக்கப் போகிறது. அவள் அந்நகரத்துக்குச் செய்த தீங்கு எதையும் அவர்கள் சொல்வதில்லை, பிறப்பே குற்றச்சாட்டு. அவளுடைய பாத்திரத் தாளில் தீயவள் என்றே எழுதியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த முத்திரை அவள் செயலால் வந்ததா, பிறந்த இடத்தால் வந்ததா என்ற கேள்வியை அந்தக் காட்சி ஆடுபவர் முன் வைத்துவிடுகிறது. பிறப்பைக் கொண்டே குணத்தை முடிவுசெய்யும் இந்த வழக்கம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது; 2020இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே, ட்ரோ, ஆர்க் போன்ற இனங்களை இனமாகவே தீயவையாகச் சித்திரித்ததை மாற்றிக்கொள்வதாக வெளிப்படையாக அறிவித்தது.

பழைய வடாற்காடு மாவட்டத்து ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி திரையிலிருந்து முதன்முதலாக வந்திருக்காது. இங்கே திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாள்கணக்கில் திருவிழா நடக்கும். அதில் கூட்டம் அதிகம் கூடும் இரவுகளில் ஒன்று கர்ண மோட்சம். போருக்குப் புறப்படும் முன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம் கூத்தில் நெடுநேரம் நீளும். அவள் அவன் பிறப்பைச் சொல்லிக் குத்திக்காட்டுவாள். முகவீணையும் மிருதங்கமும் அடங்கி, கிரீடமும் புஜக்கட்டையும் தரித்த அந்தப் பெரிய உருவம் பதில் சொல்ல முடியாமல் நிற்கும்போது, பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்க்கலாம். கர்ணன் தவறான பக்கத்தில் இருக்கிறான் என்பதில் அவர்களில் யாருக்கும் ஐயமில்லை. மறுநாள் படுகளத்தில் துரியோதனன் வீழ வேண்டும் என்றுதான் அவர்களும் காத்திருக்கிறார்கள். ஆனாலும் அழுகிறார்கள்.

துணைவரின் நடத்தை பற்றி ஒன்பது கட்டங்களால் சொல்ல முடியாததைக் கூத்து மேடை சொல்கிறது என்பதே என் கருத்து. பாரதத்தில் துரியோதனன் பக்கத்தில் நின்றவர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். கர்ணனின் மனம் அறத்தை அறிந்தது. ஆனால் அவன் விலகவில்லை. முத்து மாலை அறுந்து சிதறிய நேரத்தில்கூடச் சந்தேகப்படாமல், எடுக்கவா கோக்கவா என்று கேட்ட நண்பனுக்குச் செஞ்சோற்றுக் கடன் தீர்க்க நின்றான். விதுரன் அவமதிக்கப்பட்டதும் வில்லை முறித்துப் போட்டுவிட்டு விலகினான். எதிர்ப்பக்கம் சேர்ந்து போரிடவும் இல்லை. சல்லியனோ பாண்டவருக்குத் தாய்மாமன் முறை. விருந்துபசாரத்தில் வசப்பட்டு எதிர்ப்பக்கம் வந்தவன். உடல் கர்ணனின் தேரில், மனம் வேறிடத்தில். ஆகவே தேரோட்டியாக இருந்துகொண்டே கர்ணனின் ஊக்கத்தைக் கெடுத்தான், நெருக்கடியில் தேரை விட்டு இறங்கியும் போனான். மூவரையும் ஒரே அட்டவணையில் போட்டு, தலைவனின் நற்பெயர் இவ்வளவு ஆனதும் விலகுவார்கள் என்று எழுதிவிட முடியாது. அறச்சார்பு ஒருவரின் மனம் எங்கே சாய்கிறது என்பதைத்தான் சொல்லும். அவர் தங்குவாரா, போவாரா என்பதைச் சொல்ல, அவர் பட்ட கடனையும் கொடுத்த வாக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதை மிக ஆழமாக உணர்ந்து எழுதப்பட்ட விளையாட்டு 1999இல் பிளாக் ஐல் உருவாக்கிய பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். அதன் நாயகன் பெயரற்றவன், சாக முடியாதவன், செத்துச் செத்து எழும்போது முந்தைய நினைவுகளை இழப்பவன். அவனுடைய அறச்சார்பை ஆடுபவர் தொடக்கத்தில் தேர்ந்தெடுப்பதில்லை. முழு நடுநிலையில் தொடங்கி, சொன்ன பொய், காத்த வாக்கு, செய்த கொடுமை ஆகியவற்றுக்கேற்ப அது நகர்கிறது. அவனோடு வரும் டக்கோன், ஒழுங்கையே உயிராகக் கொண்ட லாஃபுல் நியூட்ரல் வீரன். முன்னொரு பிறவி போன்ற ஒரு காலத்தில் நாயகன் அவன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறான். அதற்குப் பதிலாக, நாயகன் சாகும் வரை தொடர்ந்து வருவதாக அவன் வாக்களித்திருக்கிறான். சாக முடியாதவனுக்குச் சாகும் வரை என்று கொடுத்த வாக்கு முடிவற்ற அடிமைத்தனமாகிவிடுகிறது. அதைவிடக் கொடுமை, அந்த வாக்கைப் பெறுவதற்காகவே நாயகனின் பழைய உருவம் திட்டமிட்டுக் காப்பாற்றினான் என்பது. நாயகன் எவ்வளவு கெட்டாலும் அவன் விலகாததற்கு அவனுடைய அறச்சார்பே காரணம்: ஒழுங்கைப் போற்றுபவன் வாக்கை மீற மாட்டான். பால்டர்ஸ் கேட்டில் விலகலுக்குக் காரணமான அதே முத்திரை இங்கே விலக முடியாமைக்குக் காரணமாகிறது. அந்தத் துணைவனை வைத்துக்கொண்டிருப்பதே ஆடுபவரின் மனத்தில் ஒரு குற்றமாகப் பதிகிறது.

2009இல் வெளிவந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் ஒன்பது கட்டங்களை முற்றிலும் கைவிட்டது. அதில் ஒவ்வொரு துணைவருக்கும் −100 முதல் +100 வரை தனித்தனி ஒப்புதல் அளவு. ஏழைக்கு இரங்கினால் வின் மகிழ்வாள், மாரிகன் எரிச்சலடைவாள். முத்திரை மறைந்து, ஒவ்வொருவருக்கும் தனி விருப்பு வெறுப்பு வந்துவிட்டதால், பேச்சிலும் நடத்தையிலும் மனிதத்தன்மை கூடியது என்பதில் ஐயமில்லை. இதற்குக் கொடுத்த விலை உழைப்பு. பழைய முறையில் ஒரே அட்டவணை எல்லாருக்கும் போதும். புதிய முறையில் தலைவன் செய்யும் ஒவ்வொரு தேர்வுக்கும் உடன் இருக்கும் ஒவ்வொருவரும் என்ன நினைப்பார் என்பதை எழுத்தாளர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும்.

ஆனால் அந்த அளவுக்குள் ஓர் ஓட்டையும் இருந்தது: பரிசு. ஒருவருக்குப் பிடித்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் ஒப்புதல் ஏறும். காலையில் ஓர் ஊரைக் கைவிட்டுவிட்டு, மாலையில் முகாமில் ஒரு நகையைக் கொடுத்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம். பழைய விளையாட்டில் கோயிலுக்குப் போன காணிக்கை இதில் துணைவரின் கைக்கு வந்தது, அவ்வளவுதான். இதை உணர்ந்தவர்களாகத்தான் அதன் எழுத்தாளர்கள் எந்தப் பரிசாலும் கடக்க முடியாத சில எல்லைகளை வைத்தார்கள் என்று நினைக்கிறேன். புனித அஸ்தி வைக்கப்பட்ட கலசத்தைத் தலைவன் களங்கப்படுத்தினால், உடன் நிற்கும் வின் அவன்மேல் வாளெடுத்தவரோடு சேர்ந்துவிடுவாள். முன்பு எவ்வளவு நெருக்கம் இருந்தாலும் அது அவளைத் தடுப்பதில்லை. தன்னைப் படையில் சேர்த்த தலைவர் களத்தில் சாகக் காரணமான லொகைனை மன்னித்துக் குழுவில் சேர்த்தால், துணைவன் அலிஸ்டர் போய்விடுவான். அந்த விளையாட்டை ஆடியவர்கள் இன்றும் நினைவு வைத்திருப்பது இந்த இரண்டு இடங்களைத்தான். சேர்த்துவைத்த ஒப்புதல் எண்களை யாரும் நினைவு வைத்திருப்பதில்லை.

அறச்சார்பு மாறக்கூடியது என்று வைத்தால் துணைவரின் கதைக்கு வேறொரு கதவு திறக்கிறது. பால்டர்ஸ் கேட் இரண்டாம் பாகத்து அனோமென், தங்கையைக் கொன்றவன் என்று தான் நம்பும் ஒருவனைப் பழிவாங்கத் துடிப்பவன். தலைவன் தடுத்து, அவன் பொறுமை காத்து, வீரப் பட்டமும் பெற்றால் லாஃபுல் குட் ஆகிறான். பழிவாங்கத் தூண்டினால் கேயாட்டிக் நியூட்ரலாகச் சரிகிறான். 2021இல் வந்த பாத்ஃபைண்டர்: ராத் ஆஃப் தி ரைட்டியஸில் அருஷலே ஒரு பேய்மகள், தீமையே இயல்பாகப் படைக்கப்பட்டவள், நன்மைப் பக்கம் ஏற முயல்கிறாள். தலைவன் அவளிடம் பேசும் விதம் அவளை மேலேற்றவும் செய்யும், பழைய இயல்பிலேயே தள்ளிவிடவும் செய்யும். பொறுப்பு இங்கே திசை மாறுகிறது. துணைவர் தலைவனை எடைபோடுவது போய், துணைவரின் அறத்துக்குத் தலைவன் பொறுப்பாளியாகிறான்.

அதே விளையாட்டில் வரும் ரெஜில் என்ற சிறிய உருவமுள்ள தளபதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லாஃபுல் ஈவில், ஒழுங்கின் பெயரால் இரக்கத்தை முழுவதுமாக ஒதுக்கிவைத்தவன். லாஃபுல் குட் பாலடின் சீலா இருக்கும் அதே படையில், பேய்களுக்கு எதிராக, அவனும் நிற்கிறான். தீயவன் என்றால் குழுவைக் காட்டிக்கொடுப்பவன் என்ற எளிய எதிர்பார்ப்பை அவன் பொய்யாக்குகிறான். கட்டளையையும் கடமையையும் நம்பும் அவனை நம்பிப் பணி ஒப்படைக்கலாம், கருணையை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. ஒன்பது கட்டங்களில் நன்மை தீமையைவிட ஒழுங்கு என்ற அளவுகோலே நம்பகத்தன்மையைக் காட்டுகிறது என்பதற்கு இவனைவிட நல்ல சான்று இல்லை. பொது எதிரி இருக்கும் வரை இந்தக் கூட்டு நிலைக்கும். தலைவனே பூச்சிக் கூட்டமாக மாறி உயிர்களை விழுங்கும் பாதையைத் தேர்ந்தெடுத்தால், எந்தச் சார்பினரும் அவனோடு நிற்பதில்லை.

2014இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பிலேயே அறச்சார்பு பெயரளவுக்குச் சுருங்கிவிட்டது. 2023இல் பாத்ஃபைண்டர் மேசை விளையாட்டும் தன் திருத்திய விதிநூல்களிலிருந்து அதை நீக்கியது. அதே ஆண்டு லேரியன் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3இல் ஆடுபவரின் பாத்திரத் தாளில் அறச்சார்பு என்ற கட்டமே கிடையாது. அகதிகள் அடைந்திருக்கும் சோலையைத் தலைவன் சூறையாடினால் வில், கார்லக் என்ற துணைவர்கள் இருவரும் விலகிவிடுகிறார்கள். நற்பெயர்க் கணக்கு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை, அந்தச் செயல் ஒன்றே போதும். ஷேடோஹார்ட்டின் கதை இன்னும் நுட்பமானது. இருளின் தெய்வத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த அவள், கைதியாகக் கிடக்கும் ஒருத்தியைக் கொல்ல ஈட்டியோடு நிற்கும்போது, முன்பே போதிய நெருக்கம் வளர்ந்திருந்து, தலைவன் குறுக்கிடாமல் முடிவை அவளிடமே விட்டால், ஈட்டியை அவளே வீசி எறிந்துவிடுகிறாள். ஒப்புதல் அளவு இங்கே விலைக்கு வாங்கும் பணமாக இல்லை. தன் தெய்வம் சொன்னதைத் தானே கேள்வி கேட்கும் துணிவு அவளுக்கு வர, அது பின்புலமாக மட்டும் நிற்கிறது.

ஆயினும் முத்திரையோடு சேர்ந்து போய்விட்ட ஒன்றும் உண்டு. அந்தச் சோலையை அழிக்க வந்த படையின் தலைவி மின்தாரா. தொடக்கத்தில், அவளோடு சேர்ந்து சோலையை அழித்தவர்களுக்கு மட்டுமே அவள் முறையாகத் துணையாகக் கிடைத்தாள். வில்லும் கார்லக்கும் வேண்டுமென்றால் அவளை இழந்தாக வேண்டும். பின்னால் வந்த புதுப்பிப்பு, அவளைக் கொல்லாமல் மயக்கமுறச் செய்துவிட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று வழி திறந்துவிட்டது. பலரும் விரும்பிக் கேட்ட மாற்றம்தான். அதனால், அகதிகளைக் காக்க நின்றவர்களும் அவர்களைக் கொல்ல வந்தவளும் ஒரே முகாமில், ஒரே நெருப்பைச் சுற்றி இரவைக் கழிக்க முடிகிறது. இதற்காக அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வாளெடுப்பதும் இல்லை. 1998இல் க்ஸாரும் ஜஹீராவும் இதைவிடச் சிறிய வேறுபாட்டுக்கே மோதிக்கொண்டார்கள். அட்டவணையைக் கைவிட்டது சரியான முடிவு. ஆனால் துணைவர்கள் தலைவனிடம் மட்டுமல்லாமல் தங்களுக்குள்ளும் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் உரிமையை, இனி வரும் எழுத்தாளர்கள் ஒவ்வொரு இணைக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது.